மஞ்சள் தோடு போட்ட எட்டுக் குட்டிகள்

ஜூன் 2

இந்த நோட்டு என்னுடையது இல்லை. மகள் ரோஸ்லின் கொடுத்தது. அட்டையில் ‘தினசரிப் பதிவேடு, பண்ணை எண் 1’ என்று அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தப் பண்ணைக்காரரும் அவள் ஆராய்ச்சிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே நான்தான் எண் 1, கடைசி எண்ணும் நான்தான்.

தினமும் காலையில் பதினாறு குட்டிகளுக்கும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். தின்றதா, கழிந்ததா என்று குறிக்க வேண்டும். ‘வேறு குறிப்புகள்’ என்று ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. தீப்பெட்டி அளவு. எதிர்ப்பக்கம் முழுதும் வெறுமையாகக் கிடக்கிறது, அதில் எழுதிக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் நான். எழுத்துப் பயிற்சி மற்றவர்களைவிட எனக்கு ஒரு மடங்கு அதிகம்.

ரோஸ்லின் கால்நடைக் கல்லூரியில் மேல்படிப்புப் படிக்கிறாள். இன்று குளிர்ப்பெட்டியும் ஊசிகளுமாக வந்து இறங்கினாள். நான் மூக்குக் கயிற்றைப் பிடிக்க, அவள் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தாள். எட்டுக் குட்டிக்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, காதில் சிவப்புத் தோடு மாட்டினாள். மீதி எட்டுக்கு ஊசி இல்லை, மஞ்சள் தோடு மட்டும். நான்கு வாரம் கழித்து மஞ்சளுக்கும் போட்டுவிடுவாளாம். அதுவரை வாரா வாரம் ரத்தம். அந்த ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, செத்த வைரஸை அவற்றின் முன்னால் வைப்பார்களாம். ஊசி போட்ட குட்டியின் அணு ‘இவனை எனக்குத் தெரியும்’ என்று கிளம்பும். போடாததின் அணு பேசாமல் கிடக்கும். இதுதான் படிப்பு. இதற்கு இரண்டு வருடம்.

போகும்போது ஒரு நிபந்தனை சொன்னாள். “பத்து கிலோமீட்டருக்குள்ள பன்னிக் காய்ச்சல்னு ஒரு பேச்சு காதுல விழுந்தாக்கூட ஒடனே எனக்கு போன் பண்ணணும்பா. மஞ்சளுக்கும் ஊசியப் போட்டுட்டு ஆராய்ச்சிய நிறுத்திருவேன். குட்டிங்கதான் முக்கியம்.”

நிறுத்தினால் அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு வருடம் போகும் என்றாள். போன வருடமும் இப்படித்தான், வேறொரு பண்ணைக்காரர் பாதி ஆராய்ச்சியில் பன்றிகளைக் கறிக்கு விற்றுவிட்டார். இந்தத் தடவையும் போனால் அவளுடைய பேராசிரியை இன்னொரு தலைப்புக்கு மாறச் சொல்லிவிடுவார்.

என் வீட்டில் அதெல்லாம் நடக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 3

பதினாறும் 101.8க்கும் 102.6க்கும் நடுவில், பன்றிக்கு அது சாதாரணச் சூடு. எல்லாம் தின்றன. எனக்கு மட்டும் முதுகு வலி.

ஜூன் 5

ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சகாயமேரி எட்டிப் பார்த்து, வீட்டுச் சாம்பாரைவிட வாசமாக இருக்கிறது என்றாள். தன் சமையலையே கிண்டல் பண்ணக்கூடிய மனைவி எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

மஞ்சள் மூன்றாம் நம்பர் குட்டிக்கு என் லுங்கி நுனியைக் கடிப்பதில் ருசி. ஆராய்ச்சிக் குட்டிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று ரோஸ்லின் சொல்லியிருக்கிறாள். வைக்கவில்லை. ‘மூணு’ என்றுதான் கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் வருகிறது.

ஜூன் 7

காய்ச்சல் எதற்கும் இல்லை.

டீக்கடைக்குப் போனேன். ஆளுக்கொரு கதை பேசுகிறார்கள். மேட்டுப்பட்டி ராயப்பன் பண்ணையைப் பற்றியும் ஏதோ பேசினார்கள். ஐந்து பன்றி, நடுக்கம், விழுந்து உதைத்தது என்று. டீ சூடாக இருந்ததால் நான் சரியாகக் கவனிக்கவில்லை. மேட்டுப்பட்டி இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆனால் அது சைக்கிளில் வாய்க்கால் கரையோடு போனால்தான். பஸ் வழி பதினொன்று. ரோஸ்லின் எப்போதும் பஸ்ஸில்தான் வருவாள்.

வீட்டுக்கு வந்து செருப்பை மூன்று தடவை கழுவினேன். வாசலில் பிளீச்சிங் பவுடர் போட்டேன். ஈ அதிகம்.

ஜூன் 8

டவுனுக்குப் போய் வந்தேன், சொந்த வேலை. மருந்துக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. வரும்போது ஐஸ் வாங்கி வந்தேன். வெயில் கடுமை.

சகாயமேரி, தெருக்காரர்கள் கூடிச் செய்கிற அன்பிய ஜெபத்துக்குப் போயிருந்த நேரம் கொட்டகையில் சின்ன வேலை இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “என்ன சூசை, எட்டுப் பன்னி கத்துன மாதிரி இருந்துச்சு?” என்றார். மனுஷன் எண்ணியிருக்கிறார். குளிப்பாட்டினேன் என்றேன்.

இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியது. ஒரு தகப்பன் நினைத்தால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும்.

ஜூன் 9

மஞ்சளில் ஐந்து குட்டிக்கு 103க்கு மேல். இரண்டு தீவனத்தைப் பாதி விட்டன. உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். சிவப்பு எட்டும் சரி.

ரோஸ்லின் இரண்டாவது ரத்தம் எடுக்க வந்தாள். 103ஐப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெயில் என்றேன். சிவப்புக்கு வெயில் இல்லையா என்று கேட்டாள். சிவப்பு இருப்பது வேப்பமர ஓரம் என்றேன். அது உண்மைதான், அங்கே வேப்பமரம் இருக்கிறது. வாசல் பவுடரைக் கேட்டதற்கு ஈ என்றேன். அதுவும் உண்மைதான், ஈயும் இருக்கிறது.

“ஊர்ல பன்னிக்கு ஒண்ணும் கேள்விப்படலயேப்பா?”

பஸ் வந்துவிடப் போகிறது, கிளம்பு என்றேன்.

ஜூன் 12

எல்லாம் 102. மூணு லுங்கியைக் கிழித்துவிட்டது.

ஜூன் 16

மூன்றாவது ரத்தம். ரோஸ்லின் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். போன வாரச் சோதனையில் எல்லாம் ஒழுங்காக வந்ததாம். மஞ்சளின் அணுக்கள் பேசாமல் கிடந்தனவாம். இந்த வாரம் சிவப்பு மட்டும் நன்றாகக் கிளம்பும், அதுதான் முக்கியமான படம் என்றாள். அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கினாள்.

நான் ஒரு தடவையோடு எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லை.

ஜூன் 18

ரோஸ்லின் அவள் அம்மாவுக்கு போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

வெள்ளை அணு வைரஸை அடையாளம் கண்டால், சோதனைத் தட்டில் அது இருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழுமாம். ஒரு அணுவுக்கு ஒரு புள்ளி. சிவப்பு எட்டுக்கும் புள்ளி விழுந்தது, சரி. மஞ்சள் எட்டுக்கும் விழுந்திருக்கிறது. தடுப்பூசியே போடாத குட்டியின் அணுவுக்கு அந்த வைரஸை எப்படித் தெரியும்? பேராசிரியை கமலவேணி அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, ரத்தம் பிடித்த குழாய்களை மாற்றி வைத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டாராம். கவனமில்லாதவள் என்று மற்ற மாணவர்கள் முன்னால் ஒரு சொல்.

இவள் அழவில்லை. அழாமல் பேசினாள். அது அழுவதைவிடக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

சகாயமேரி போனை வைத்துவிட்டு, எம்பிள்ள ரேஷன் கார்டைக்கூட மாத்தி வைக்காதே, குழாய எப்படி மாத்தும் என்று என்னிடம் கேட்டாள். என்னை ஏன் கேட்கிறாள் என்று தெரியவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் இருக்கும்.

ஜூன் 19

இன்றைய காய்ச்சல் கணக்கு இடது பக்கம் இருக்கிறது. இதற்கு மேல் எழுதுவதை ரோஸ்லின் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். இத்தனை நாளும் அவள் படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதாமல் விட்டேன்.

காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பையைக்கூட இறக்கவில்லை. கொட்டகைக்குள் போய் மஞ்சள் எட்டையும் ஒவ்வொன்றாகத் தோடு நம்பர் பார்த்தாள். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள்.

“நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன்பா. வேற வழியே இல்ல. நான்தான் கொழாய மாத்தி வச்சிருக்கணும். எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா மாத்திருக்கணும். அப்படின்னு எழுதிக் குடுத்துட்டு மொதல்லருந்து ஆரம்பிக்கிறேன்.”

நான் தவிட்டு வாளியைக் கீழே வைத்தேன். என்னுடைய திட்டம் அருமையான திட்டம். ஆராய்ச்சியும் நிற்கக் கூடாது, குட்டியும் சாகக் கூடாது. அதனால் மேட்டுப்பட்டிச் சேதியை அவளிடம் சொல்லவில்லை, மஞ்சளுக்கு நானே ஊசி போட்டேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதினவனுக்கு இதற்கு மேல் என்ன தோன்றும்? குட்டியின் அணு போய் லேபில் சாட்சி சொல்லும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள் என்பது வேறு விஷயம்.

“எட்டாம் தேதி மஞ்சளுக்கு ஊசி போட்டுட்டேன் பாப்பா” என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்ன ஊசி, எத்தனை மணி, எவ்வளவு அளவு, எந்த இடத்தில், ஐஸில் வைத்து வந்தீர்களா, கலக்கி எவ்வளவு நேரத்தில் போட்டீர்கள் என்று டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோல் கேட்டாள். எல்லாவற்றையும் எழுதினாள். குப்பியைக் கேட்டாள். நான் ஆணி, திருகு, காலி மாத்திரை அட்டை எதையும் எறியாதவன். தகர டப்பாவிலிருந்து மருந்துக்கடை ரசீதோடு எடுத்துக் கொடுத்தேன். அதன் தொகுதி எண்ணையும் எழுதினாள்.

பிறகு ஏன் போட்டீர்கள் என்றாள். மேட்டுப்பட்டியைச் சொன்னேன்.

“எப்பக் கேள்விப்பட்டீங்க?”

“ஏழாந் தேதி.”

அப்போதுதான் அவள் முகம் மாறியது. “ஒங்களுக்கு எட்டுக் குட்டிப்பா. மேட்டுப்பட்டியச் சுத்தி எத்தன வீட்ல பன்னி இருக்கு? நீங்க சொல்லிருந்தா அன்னைக்கே டாக்டரக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பன்னெண்டு நாள்.”

நான் அதை யோசிக்கவே இல்லை. என் வீடு, என் பிள்ளை, என் குட்டி என்பதோடு என் மூளை நின்றுவிட்டது. டீக்கடையில் அத்தனை பேர் பேசினார்களே, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்தேன். எல்லாரும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

அவள் கால்நடை மருத்துவருக்கு போன் பண்ணிக்கொண்டே வெளியே போய்விட்டாள். மத்தியானம் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்தால் நடிக்கிறேன் என்று சகாயமேரி சொல்லுவாள். இரண்டாவது தடவை குழம்பு கேட்டபோது ஊற்றவில்லை.

ஜூன் 20

மருத்துவரும் ரோஸ்லினும் மேட்டுப்பட்டிக்குப் போய் வந்தார்கள். ராயப்பன் பண்ணையில் பன்றிக் காய்ச்சல் இல்லை. வரவும் இல்லை. ஊறுகாய் போடுகிற ஒருவர் மாங்காய் ஊறிய உப்புத் தண்ணீரை இனாமாகக் கொடுத்திருக்கிறார். ராயப்பன் அதைத் தவிட்டில் கலந்து ஊற்றியிருக்கிறார். உப்பு ஏறி ஐந்து பன்றி நடுங்கி விழுந்திருக்கிறது. மீதியெல்லாம் நல்ல தண்ணீர் குடித்துத் திமிராக நிற்கிறதாம். ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் மருத்துவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆக நான் பதின்மூன்று நாள் பயந்தது மாங்காய் ஊறுகாய்க்கு.

இதைச் சொல்லும்போது ரோஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தையா என்று எனக்கு விளங்கவில்லை. சகாயமேரி அடக்கவில்லை. அடுப்படியில் போய்ச் சிரித்தாள். எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

ஜூன் 22

கல்லூரிக்கு வர வேண்டாம் என்றாள் ரோஸ்லின். நான் போனேன். நானே போய்ச் சொன்னால்தான் அவள் பெயரில் விழுந்த கறை போகும். சலவை வேட்டி, சலவைச் சட்டை, கையில் கைக்குட்டையில் சுற்றிய காலிக் குப்பி, இந்த நோட்டு.

கமலவேணி அம்மா ஒல்லியான ஆள், குரலும் ஒல்லி. நான் சொன்னதை முழுதும் கேட்டார். நோட்டைப் புரட்டி ஒன்பதாம் தேதிக்கு வந்ததும் நிறுத்தினார். “103ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதையாவது மறைச்சிருக்கலாமே” என்றார்.

தெர்மாமீட்டர் காட்டியதை எப்படி மாற்றி எழுதுவது என்று கேட்டேன். அவர் நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

பிறகு தட்டைக் காட்டினார். இட்லித் தட்டு மாதிரி, ஆனால் விரல்நுனி அளவில் தொண்ணூற்றாறு குழி. எந்திரத்தில் வைத்ததும் ஒரு குழி திரையில் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளையில் நீலப் புள்ளிகள். அது மஞ்சள் மூன்றாம் நம்பருடையதாம். என் லுங்கியைக் கடிக்கிற பயலின் உடம்புக்குள் இத்தனை அணு அந்த வைரஸின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. நான் போட்ட ஊசி. தப்பு என்று தெரிந்தும் உள்ளே ஒரு பெருமை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அதே மஞ்சள் எட்டின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் என்பது இன்னும் வரவே இல்லையாம். வழக்கமாகப் பார்க்கிற ரத்தச் சோதனை மட்டும் செய்திருந்தால், ஊசி போடாத குட்டி என்றே சொல்லியிருக்கும், நானும் தப்பித்திருப்பேன். ஊசி போட்டு எட்டே நாளில் அணுக்கள் முந்திக்கொண்டுவிட்டன.

எனக்குப் புரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். எதிர்ப்புப் பொருள் என்பது ‘இவனைக் கண்டால் பிடிக்கவும்’ என்று சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ், அச்சடிக்க நாளாகும். இந்த அணு, திருடனை நேரில் பார்த்துவிட்ட டீக்கடைக்காரர், நோட்டீஸ் வருவதற்கு முன்பே கத்துவார். ரோஸ்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். கமலவேணி அம்மா, பாதி மார்க் போடலாம் என்றார். என் படிப்பு வாழ்க்கையில் அது நல்ல மார்க்.

கடைசியில் ரோஸ்லினைப் பார்த்து, “அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னேன். நாளைக்கு எல்லார் முன்னாலயும் திருப்பிச் சொல்றேன்” என்றார். அவ்வளவுதான். ஆனால் ரோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நிறைய நேரம் நின்றாள்.

மஞ்சள் எட்டைத் தனிப் பிரிவாக வைத்துக்கொள்ளலாம், நாள் துல்லியமாகத் தெரிகிறது என்றார் அம்மா. ஆனால் ஊசியே போடாத எட்டுக் குட்டி இல்லாமல் ஆராய்ச்சி செல்லாது. இதே வயதில், ஒரு தடவைகூட ஊசி படாத குட்டி ஒரு வாரத்துக்குள் கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கே என்பதுதான் கஷ்டம்.

ஜூன் 24

சகாயமேரியின் அண்ணன் இருதயத்தின் பண்ணை. தடுப்பூசி என்பது மருந்துக் கம்பெனிக்காரன் ஏமாற்று என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவர். அதற்காக நான் அவரைக் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் கிண்டல் பண்ணியிருக்கிறேன். இன்று அவர் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். ரோஸ்லின் பக்கத்தில். விஷயத்தைக் கேட்டதும் மச்சான் வெற்றிலையை மடித்து நிதானமாக வாயில் வைத்தார்.

“எம் பன்னிக்கு ஊசி போடலன்னு என்னையக் கஞ்சன்னு சொன்னது யாரு?”

“நான்தான் மச்சான்.”

“மடையன்னு?”

“அதுவும் நான்தான்.”

“இப்ப என்ன வேணும்?”

“ஒங்க மடத்தனத்துல ஒரு எட்டு வேணும் மச்சான்.”

அவர் மனைவி உள்ளே இருந்து சிரித்ததுதான் முதலில் கேட்டது. பிறகு மச்சானுக்கும் அடக்க முடியவில்லை, வெற்றிலையோடு சிரித்துப் புரையேறிவிட்டது. ரோஸ்லின்தான் முதுகில் தட்டினாள். தட்டிக்கொண்டே, கடைசி ரத்தம் எடுத்த அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஊசி போட்டுவிடுவேன், அதற்குச் சம்மதித்தால்தான் எடுப்பேன் என்றாள். தங்கை மகள் கேட்டு இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது. புரையேறிய கண்ணோடு தலையாட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஐந்து நாளாக என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசியிருந்தாள். இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுப்ப மனமில்லாமல் ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கி நடந்து வந்தோம். நடக்க வைத்ததற்குத் திட்டினாள். திட்டு நன்றாக இருந்தது.

ஜூலை 11

மச்சான் குட்டிகளுக்கு நீலத் தோடு. அவர் டீக்கடையில் ‘நம்ம பன்னி இல்லாம ஆராய்ச்சியே ஓடாது’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மறுக்க முடியாத நிலையில் நான். புள்ளி ஒன்றுகூட விழவில்லையாம், அவ்வளவு சுத்தம்.

ஜூலை 29

மச்சான் பண்ணையில் ஊசி போட்டு முடித்தோம். குட்டி கத்தும்போது மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஏமாற்று என்பதெல்லாம் சும்மா. மனுஷனுக்கு ஊசி என்றால் பயம். இருபது வருடம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறேன், யாரிடமும் சொல்லப் போவதில்லை. அடுத்த கருமாதி வரைக்கும்.

என் பதினாறும் நலம். பதிவேட்டை ரோஸ்லின் எடுத்துப் போகிறாள்.

மார்ச் 11

நோட்டு இன்று திரும்பி வந்தது. பின்னால் சில பக்கம் மிச்சம் இருப்பதால் எழுதுகிறேன்.

இன்று ரோஸ்லினுக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றதால் நான், சகாயமேரி, மச்சான் மூவரும் கடைசி வரிசை. மச்சான் புது வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வெள்ளை மீசை, முகத்தில் சிரிப்பே கிடையாது.

ரோஸ்லின் படம் படமாகக் காட்டிப் பேசினாள். ஆங்கிலத்தில் பேசியதால் எனக்கு ‘பிக்’ என்ற சொல் வரும்போது மட்டும் புரிந்தது. பிறகு கேள்விகள். கொஞ்ச நேரத்தில் தேர்வாளர் தமிழுக்கு வந்துவிட்டார். கேள்வி என்னைப் பற்றி.

“மூணு பிரிவு வச்சிருக்கீங்க. இந்த ரெண்டாவது பிரிவுக்குப் பண்ணையாளரே உங்களுக்குத் தெரியாம ஊசி போட்டதா எழுதியிருக்கீங்க. உங்க முடிவே இந்தப் பிரிவுலதான் நிக்குது. எட்டாம் தேதிதான் போட்டாருன்னு அவர் சொன்னத எப்படி நம்புறீங்க? ஒரு தடவ மறைச்சவர், தேதிய மாத்திச் சொல்ல மாட்டாரா?”

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். சகாயமேரி என் கையைப் பிடித்தாள்.

ரோஸ்லின் இந்த நோட்டை மேசையில் வைத்து ஒன்பதாம் தேதியைத் திருப்பிக் காட்டினாள். “ஊசி போட்ட மறுநாள் அந்தப் பிரிவுக்கு மட்டும் சூடு ஏறியிருக்கு சார். மறைக்கிற நேரத்துலயும் அவர் கணக்க மாத்தி எழுதல. மருந்துக்கடை ரசீதும் குப்பியும் அதே தேதிக்கு ஒத்துப் போகுது.” நோட்டை மூடினாள். “அது போக, அந்தப் பண்ணையாளர் எங்க அப்பா சார். ஒரு பொய்ய அவரால பத்து நாளைக்கு மேல வச்சுக் காப்பாத்த முடியாது.”

கூடம் சிரித்தது. கமலவேணி அம்மா குனிந்து பேனாவைத் தேடினார். வெள்ளை மீசை கழுத்தை நீட்டிக் கடைசி வரிசையைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பத்து நாள் இல்லை. எட்டாம் தேதியிலிருந்து பத்தொன்பதாம் தேதி வரை, பதினோரு நாள். தேதியில்தானே சந்தேகம் கேட்கிறார், எழுந்து திருத்திச் சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். சகாயமேரி ஒரு பக்கமும் மச்சான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.